ஏன் கவிழ்ந்தது என்று கேட்கும் அதிகாரம்

ரிங்லெட்டிலிருந்து மலைச் சாலையில் இறங்கித் தாப்பாவைக் கடந்து சென்றால் தாப்பா ரோடு ரயில் ஸ்டேஷனை அடையலாம். அந்த ஸ்டேஷனிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்று தெலுக் இந்தான் என வழங்கும் ஊருக்கு, 1893-ம் வருஷத்தில் ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. மறுவருஷம் செப்டம்பர் மாதம் 17-ந் தேதி, தன் கூட்டத்தைக் காக்க முனைந்த ஒரு காட்டு யானை அவ்வழியே வந்த ரயிலை எதிர்த்து மோதிற்று. ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கியது; யானையும் மாண்டது. அதை அங்கேயே புதைத்து, அது செய்த காரியத்தைச் சொல்லும் பலகை ஒன்றையும் நாட்டினார்கள்.

அந்த விபத்துக்குக் காரணம் தேட வேண்டிய சிரமம் ஒருவருக்கும் இருந்திராது. யானை வந்தது, மோதியது, தீர்ந்தது. ஆனால் உலகத்தில் கவிழ்ந்த ரயில்கள் அனைத்தையும் யானைகள் கவிழ்க்கவில்லை. மனிதர் போட்ட தண்டவாளம், மனிதர் செய்த இஞ்சின், மனிதர் காட்டிய கைகாட்டி, மனிதர் எழுதிய உத்தரவு ஆகிய இவற்றில் ஏதோ ஒன்று பழுதுபட்டதாலேயே பெரும்பாலான ரயில்கள் கவிழ்ந்தன. எது பழுதுபட்டது, யாருக்கு அது முன்பே தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏன் சும்மா இருந்தார் என்று கேட்க ஒருவர் வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று சட்டத்தால் அதிகாரம் பெற்றவரே ரயில்வே இன்ஸ்பெக்டர். ரயிலில் டிக்கெட் கேட்டு வருகிறவரை இங்கு நாம் குறிப்பிடவில்லை. விபத்து நடந்த இடத்துக்கு வந்து அதன் காரணத்தை விசாரிக்கும் சர்க்கார் அதிகாரியைத்தான் குறிப்பிடுகிறோம்.

ரிங்லெட்டில் ரயிலே இல்லையே, கொழுந்து எடுப்பவருக்கும் ரயில்வே சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. மலாய் நாட்டின் முதல் ரயில் பாதை 1885-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கு மண் வெட்டிக் கட்டை போட்டவர்களில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் உண்டு. பிற்காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் அநேகர். பாதையைப் பழுது பார்த்த கூட்டங்களில் தமிழ் நாட்டார் அநேகர். அவர்களுடைய பேரன் பேத்திமார் இன்று தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருக்கின்றனர். அன்றியும், ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரம் வளர்ந்த சரித்திரம், முதலாளியின் வேலியைத் தாண்டி உள்ளே வந்து தொழிலாளியிடம் நேரே கேட்கும் அதிகாரம் வளர்ந்த சரித்திரமுமாகும். அது தோட்டத்தாருக்கும் உரிய சரித்திரமே.

இந்த அதிகாரம் பயன்பட வேண்டுமானால் மூன்று காரியங்கள் நிறைவேற வேண்டும். கேட்பவர், கேட்கப்படுபவரின் சம்பளக்காரராக இருத்தல் கூடாது. கடைசிச் சிப்பந்தியும் பயமின்றி உண்மை சொல்ல இடம் இருத்தல் வேண்டும். கண்டறிந்த உண்மை பெட்டிக்குள் கிடவாமல் ஜனங்களுக்கு எட்டுதல் வேண்டும். இம்மூன்றும் ஒரே நாளில் கிடைத்தனவல்ல. ஒவ்வொன்றும் பிணக் குவியலுக்குப் பின்னரே கிடைத்தது.

இங்கிலாந்தில் தொடங்கிய விதம்

ரயில் முதலில் பெருகிய நாடு இங்கிலாந்து. அங்கே பாதைகள் யாவும் தனிக் கம்பெனிகளுக்குச் சொந்தமாயிருந்தன. என் நிலம், என் இரும்பு, என் இஞ்சின், இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பதே கம்பெனிக்காரரின் வாதம். 1840-ம் வருஷத்துச் சட்டம் அவ்வாதத்தில் முதல் துளையிட்டது. வர்த்தகச் சபை என்னும் சர்க்கார் இலாகா நியமிக்கும் இன்ஸ்பெக்டர்கள் எந்த ரயில் பாதைக்குள்ளும் சென்று பார்வையிடலாம் என்று அது விதித்தது. அத்துடன், நியமனத்துக்கு முந்திய ஒரு வருஷ காலத்துக்குள் எந்த ரயில்வே கம்பெனியிலாவது டைரக்டராகவோ உத்தியோகஸ்தராகவோ இருந்தவர் இன்ஸ்பெக்டராக நியமிக்கப்படலாகாது என்றும் விதித்தது. ஆகவே அப்பதவிக்கு இராணுவப் பொறியியல் படையிலிருந்தே ஆட்களை எடுத்தார்கள். அவர்களுக்குப் பாலமும் பாதையும் கட்டத் தெரியும். கம்பெனியின் உப்பைத் தின்றவர்களுமல்லர்.

எனினும் 1840-ம் வருஷத்து இன்ஸ்பெக்டருக்குப் பார்க்க அதிகாரம் இருந்ததேயன்றி, விபத்தை விசாரிப்பதற்கென்று தெளிவான அதிகாரம் இல்லை. போய் விசாரித்தார்கள், அறிக்கை எழுதினார்கள். கம்பெனி பதில் சொல்லியது பெரும்பாலும் மரியாதைக்காகவே. அந்தக் குறையை 1871-ம் வருஷத்துச் சட்டம் நீக்கிற்று. இன்ஸ்பெக்டர் கையொப்பமிட்ட சம்மனால் கம்பெனியின் நிர்வாகத்திலோ ஊழியத்திலோ உள்ள எவரையும் தம் முன் வரவழைக்கலாம். கேள்விகளுக்கு விடை கேட்கலாம். கணக்குப் புத்தகங்களையும் காகிதங்களையும் கொண்டு வரச் செய்யலாம். விசாரணை அறிக்கைகளை வெளியிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இடம் பெற்றது.

இவ்வளவு அதிகாரம் பெற்றும் இன்ஸ்பெக்டருக்கு ஒன்று இல்லை. இதைச் செய் என்று கம்பெனிக்கு ஆணையிட அவரால் முடியாது. செய்வது நலம் என்று எழுதத்தான் முடியும். ஒரு ரயில் ஒரு பகுதியை விட்டு வெளியேறும் வரை அடுத்த ரயிலை அப்பகுதிக்குள் விடலாகாது என்றும், கைகாட்டியும் பாதை மாற்றும் கம்பியும் ஒன்றுக்கொன்று முரண்படாதபடி பூட்டப்பட வேண்டும் என்றும், பெட்டிகள் அறுந்து பிரிந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் எல்லாப் பெட்டிகளிலும் வேண்டும் என்றும் அவர்கள் ஆண்டாண்டாக எழுதி வந்தார்கள். செலவு அதிகம் என்று பல கம்பெனிகள் காலங்கடத்தி வந்தன.

1889-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி அயர்லாந்து தேசத்தில் ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் நிறைந்த உல்லாசப் பிரயாண ரயில் புறப்பட்டது. ஏற்றத்தில் இஞ்சின் இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை முதலில் கொண்டுபோய் விடலாம் என்று தீர்மானித்தார்கள். பிரித்த மாத்திரத்தில் பின்பகுதிப் பெட்டிகளுக்கு இஞ்சினிலிருந்து வந்த பிரேக்கின் பிடி அற்றுப்போயிற்று. கார்டின் கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களுமே மிச்சம். பெட்டிகள் சரிவில் உருண்டோடிப் பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலின் மேல் மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்த வருஷம் ஆகஸ்டு மாத முடிவுக்குள் சட்டம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர்கள் கெஞ்சிக் கேட்டு வந்த அந்த மூன்று ஏற்பாடுகளும் பிரயாணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாயின.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்குகிறது. இன்ஸ்பெக்டரின் அறிக்கைகள் அதுவரை வீண் போனது போலத் தோன்றினும் வீண் போகவில்லை. அவை அச்சாகி ஜனங்களிடையே இருந்தபடியால், இப்படி நடக்குமென்று யாருக்குத் தெரியும் என்று ஆர்மாவுக்குப் பின் ஒருவரும் சொல்ல முடியவில்லை. முன்பே எழுதி வெளியிட்ட உண்மையே சட்டமாகத் திரும்பி வந்தது.

இந்தியாவில் வந்த வேறுபாடு

நிற்க, நமது மூதாதையர் பிரயாணம் செய்த தேசத்துக்கு வருவோம். 1853-ல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையிலும், 1856-ல் சென்னை ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையிலும் ரயில் ஓடத் தொடங்கிற்று. கம்பெனிகளுக்கு இவ்வளவு சதவிகிதம் லாபம் நிச்சயம் என்று சர்க்கார் ஜாமீன் நின்ற காலம் அது. அக்கம்பெனிகளை மேற்பார்க்க ஆலோசனை இஞ்சினீயர்கள் நியமிக்கப்பட்டார்கள். பின்னர் அவர்களே சர்க்கார் ரயில்வே இன்ஸ்பெக்டர்கள் எனப் பெயர் பெற்றார்கள். 1890-ம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டம் அவர்களுடைய அதிகாரங்களை வரையறுத்தது.

அச்சட்டப்படி உயிர்ச்சேதமோ கடுங்காயமோ ஏற்பட்ட விபத்தைப் பற்றி ரயில்வே நிர்வாகம் உடனே சர்க்காருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அறிவிக்க வேண்டும். அருகிலுள்ள ஸ்டேஷன் மாஸ்டர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பாதைக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகுந்து பார்க்கலாம். புத்தகங்களைக் கேட்டு வாங்கலாம். ரயில்வே சிப்பந்தியை வரவழைத்துக் கேள்வி கேட்கலாம்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது இங்கிலாந்தின் சட்டம் போலவே இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் இன்ஸ்பெக்டரின் சம்மன் கூப்பிடப்படும் ஆளுக்கே போயிற்று. இந்தியாவிலோ சிப்பந்தியைக் கூப்பிடும் உத்தரவு ரயில்வே நிர்வாகத்தின் பேருக்கு எழுதப்பட வேண்டும். அதாவது பாயிண்ட்ஸ்மனைக் கூப்பிட வேண்டுமானால் அவனுடைய எஜமானுக்கு எழுத வேண்டும். எஜமான் அவனைக் கூப்பிட்டு, போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்புவார். சாட்சி சொல்லிவிட்டு அவன் திரும்பி நிற்கப்போவதும் அந்த எஜமான் முன்னால்தான். இதில் என்ன கெடுதல் என்று சட்டம் படித்தவர்கள் கேட்கலாம். துரைக்கு எழுதித் தொழிலாளியை ஆபீசுக்கு வரவழைத்து, கிராணியும் கங்காணியும் பக்கத்தில் நிற்க, உனக்கு ஏதாவது குறையுண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர்.

மற்றொரு கோளாறு இதனிலும் பெரிது. 1905-ல் ரயில்வே போர்டு ஏற்பட்டபின் இன்ஸ்பெக்டர்கள் அதன் கீழ் வைக்கப்பட்டார்கள். ரயில் நடத்துகிறவரே ரயில் விபத்தை விசாரிக்கிறவருக்கும் மேலதிகாரியானார். சொந்தக் கணக்கைச் சொந்தக் கணக்கப்பிள்ளையே தணிக்கை செய்வதற்கு இது ஒப்பாகும்.

அதன் விளைவு 1937-ல் வெளிப்பட்டது. அவ்வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி பாட்னாவுக்கு அருகே பிஹ்டா என்னுமிடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று தடம் புரண்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ரயிலை இழுத்தது எக்ஸ்.பி. என்ற வகை இஞ்சின். அவ்வகை இஞ்சின்கள் வேகத்தில் பக்கவாட்டில் ஆடித் தண்டவாளத்தையே நெளியச் செய்கின்றன என்ற சந்தேகம் எழுந்தது. அவ்வகை இஞ்சின்களோ இந்திய ரயில்வேக்களுக்கென்று மேலிடத்தில் வகுத்த மாதிரிப்படி வாங்கப்பட்டவை. அப்படியிருக்க, மேலிடத்தின் கீழ் வேலை பார்க்கும் இன்ஸ்பெக்டர் மேலிடத்தின் இஞ்சினைக் குறை கூறுவது எங்ஙனம்?

இங்கிலாந்திலிருந்து அந்நாட்டுத் தலைமைப் பரிசோதனை அதிகாரி கர்னல் மவுண்ட் என்பவரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. 1939-ல் அது கொடுத்த அறிக்கை இஞ்சினை மட்டும் ஆராய்ந்து நிற்கவில்லை. ரயில் நடத்தும் போர்டின் கையிலேயே பரிசோதனையும் இருப்பது தகாது என்று எடுத்துக் கூறிற்று. 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டமும் முன்னமே இக்கருத்தைக் கொண்டிருந்தது. கடைசியில் 1941-ம் வருஷம் மே மாதத்தில் இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே போர்டினின்று பிரிக்கப்பட்டுத் தபால் விமான இலாகாவின் கீழ் வந்தார்கள். இன்றும் இந்தியாவின் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர்கள் விமானப் போக்குவரத்து மந்திரியின் இலாகாவைச் சேர்ந்திருப்பதைக் கண்டு, ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று வியப்பவர் உண்டு. உறவு எதுவும் இல்லை. ரயில்வேயின் கையில் இருக்கக் கூடாது என்பதே உறவு.

அரியலூர் சொன்ன பாடம்

1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி விடியற்காலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்கு இரையாயிற்று. பாலத்தோடு இஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து வந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனையோ. அவர்களுக்கு அரியலூர் வெறும் பத்திரிகைச் செய்தியாக இருந்திராது.

அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தில் 112 பேர் இறந்தபோதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். இச்செயல் இன்றளவும் புகழப்படுகிறது. புகழத்தக்கதே. பதவியைக் காட்டிலும் பொறுப்பைப் பெரிதாக மதித்தவர் எந்த நாட்டிலும் சிலரே.

ஆயினும் நாம் ஒன்றை மறத்தல் கூடாது. மந்திரியின் ராஜினாமா பாலம் ஏன் விழுந்தது என்பதைச் சொல்லாது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது, பாலத்தின் கண்கள் அதற்குப் போதுமானவையா, மழை இரவில் பாதையைக் காவல் காக்க யார் நியமிக்கப்பட்டிருந்தார், அவர் எங்கே நின்றார், ரயிலை நிறுத்தச் சொல்ல அவருக்கு வழியிருந்ததா என்ற கேள்விகளுக்கு ராஜினாமாக் கடிதத்தில் விடை இராது. அவற்றுக்கு விடை தேடுவது சேற்றில் இறங்கிக் கம்பியை அளக்கும் இன்ஸ்பெக்டரின் வேலை. மந்திரி விலகுவதை மானத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். மறுபடி பாலம் விழாமலிருக்கச் செய்வது காரண விசாரணையேயாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஒருவர் தலை உருண்டதோடு திருப்தியடைவது ஜனங்களிடம் காணும் பெரிய குறை. தலைவிதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போவது அதனினும் பெரிய குறை. வெள்ளம் வருவது இயற்கையாயிருக்கலாம். வெள்ளம் வரும் ஆற்றின் மேல் இரவில் ரயிலை விடுவது மனிதரின் தீர்மானம்.

பயமின்றிப் பேசும் உரிமை

1890-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் வந்தது. பழைய இன்ஸ்பெக்டர் இப்போது பாதுகாப்புக் கமிஷனர். பிரயாணி ரயிலில் உயிர்ச்சேதமோ, நிரந்தரமாக ஊனமாக்கும் காயமோ, ரயில்வேச் சொத்துக்குப் பெருஞ்சேதமோ ஏற்பட்டால், அவர் விசாரணை நடத்தும் நாளையும் இடத்தையும் நிர்வாகத்துக்குத் தெரிவித்து விசாரிக்க வேண்டும். சாட்சிகளை அழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் மேல் விசாரித்தல், தஸ்தாவேஜுகளைக் கொண்டுவரச் செய்தல், பொதுப் பதிவேடுகளைத் தருவித்தல் ஆகியவற்றில் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சிப்பந்தியை எஜமான் மூலமாகத்தான் கூப்பிடலாம் என்ற பழைய கட்டு இல்லை. பிரயாணியும், கேட் காவலாளியும், பாதையோரத்தில் குடியிருப்பவரும் நேரே வந்து சொல்லலாம்.

அச்சட்டத்தின் 117-ம் பிரிவு நம் கவனத்துக்கு மிகவும் உரியது. கமிஷனர் கேட்ட கேள்விக்குப் பதிலாக, விஷயத்துக்குப் பொருத்தமாக ஒருவர் சொன்ன வாக்குமூலத்தைக் கொண்டு அவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது; பொய்ச்சாட்சி சொன்னால் அதற்கு மட்டும் வழக்கு உண்டு என்பதே அதன் சாரம். நான் கைகாட்டியைப் பார்க்கத் தவறினேன் என்று டிரைவர் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலையே அவர் கழுத்துக்குக் கயிறாக்கக் கூடாது. ஏன் இந்தச் சலுகை? டிரைவரைத் தண்டிப்பதைக் காட்டிலும், அவர் ஏன் பார்க்கத் தவறினார் என்று அறிவது முக்கியம். எத்தனை மணி நேரம் தூக்கமின்றி வேலை செய்தார், விளக்கு எரிந்ததா, முன்பும் பலர் தவறி அதை மேலிடம் மறைத்ததா என்பவற்றை அவர் வாய் திறந்தாலன்றி அறிய முடியாது. பயந்தவன் வாய் திறவான்.

ஆனால் சட்டப் புத்தகத்திலுள்ள உரிமை நடைமுறையில் எளிதாக நிற்பதில்லை. 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி ஒரிசா தேசத்துப் பாலசோர் ஜில்லாவில், பஹானகா பஜார் ஸ்டேஷனருகே, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்பாதையை விட்டுக் கிளைப்பாதையில் திருப்பப்பட்டு, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதிற்று. அதன் பெட்டிகளின் மேல் எதிரே வந்த மற்றொரு எக்ஸ்பிரசும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்தார். அதே சமயத்தில் மத்தியப் புலனாய்வுப் போலீசாரும் விசாரித்தார்கள். கைகாட்டிகளின் மின்கம்பி இணைப்பில் முன்பு செய்த மாற்றத்திலும், கேட் வேலையின்போது செய்த இணைப்பிலும் ஏற்பட்ட தவறுகளே காரணமெனக் கமிஷனரின் விசாரணை கண்டதாக மந்திரி பார்லிமெண்டில் கூறினார். போலீசார் ஜூலை மாதத்தில் ரயில்வே சிப்பந்திகள் மூவரைக் கைது செய்தார்கள்.

குற்றம் செய்தவர் தண்டனையடைய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாண்டவர்களின் குடும்பத்தார் நியாயம் கேட்கத் தகுதியுடையவர்கள். ஆயினும் ஒரு வாசலில் கமிஷனர் பயப்படாமல் சொல் என்கிறார். மறு வாசலில் போலீசார் விலங்குடன் நிற்கிறார்கள். இதைப் பார்க்கும் அடுத்த சிப்பந்தி, தன் ஸ்டேஷனில் கம்பி தவறாக இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டால் எழுதி அனுப்புவாரா, மௌனமாக மூடிவிடுவாரா என்பதே கேள்வி. இங்கிலாந்தில் 2005 முதல் வேலை செய்யும் ரயில் விபத்து ஆராய்ச்சிக் கிளைக்கு, குற்றத்தையோ நஷ்டப் பொறுப்பையோ யார் தலையிலும் சுமத்துவது வேலையன்று எனச் சட்டத்திலேயே வகுத்துள்ளார்கள். காரணம் தேடுபவரும் குற்றம் தேடுபவரும் வெவ்வேறு ஆட்களாகவும் வெவ்வேறு பாதைகளாகவும் இருக்க வேண்டும் என்ற படிப்பினை அதில் உண்டு.

மூன்றாவது காரியமான வெளியீடும் இந்தியாவில் முழுமையடையவில்லை. கமிஷனர்களின் வருடாந்திர அறிக்கை பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தனித்தனி விபத்தின் அறிக்கைக்கு அச்சட்டத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. தன் பிள்ளை ஏன் இறந்தான் என்று அறிய விரும்பும் தாய்க்கு வருடாந்திர அறிக்கையின் புள்ளி விவரம் ஆறுதலாகாது.

கேட்பாரில்லாத ரயில்

இன்ஸ்பெக்டர் என்ற ஒருவர் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை மலாய் நாட்டுத் தமிழருக்கு வெளியிலிருந்து யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942-ம் வருஷத்திலும் 1943-ம் வருஷத்திலும் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தூரம் ரயில் பாதை போட்டது. வெள்ளைக்காரக் கைதிகளுடன், மலாய் நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரும் கொண்டு போகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவும் பசியும் அடியும் கொன்றவர்களில் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டவர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் அதற்குப் பல மடங்கு எனக் கணிக்கப்படுகிறது.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் ஒவ்வொருவர் பேரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய இராணுவங்களில் பேர்ப்பட்டியல் இருந்தது. திரும்பி வந்து எத்தனை பேர் குறைகிறார்கள் என்று கணக்குக் கேட்க ஆள் இருந்தது. நம்மவருக்கோ பட்டியலும் இல்லை. கேட்க ஆளும் இல்லை. ஆகவே எண்ணிக்கையே கணிப்பாய் நிற்கிறது. தெலுக் ஆன்சன் யானைக்குப் பலகை இருக்க, இத்தனை ஆயிரம் தமிழரின் பேர் எழுதிய பலகை இல்லாமற்போனதற்குக் காரணம் இதுவே. கேட்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் சாவுக்குக் கணக்கும் இல்லை.

நம் நாட்டில் இன்று

மலேசியாவில் ரயில்வே நெடுங்காலம் சர்க்கார் இலாகாவாகவே நடந்தது. 1992-ல் அது நிறுவனமாக மாறியது. நடத்துகிறவர் வேறு, மேற்பார்ப்பவர் வேறு என்ற பிரிவினை 1991-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தோடு வந்தது. 2010-ம் வருஷத்து நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. 2021-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி கோலாலம்பூரில் கெலானா ஜெயா வழியின் சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் மோதி 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றபோது, போக்குவரத்து அமைச்சே ஒரு விசேஷக் குழுவை அமைத்து விசாரித்தது. கையால் ஓட்டப்பட்ட காலி ரயில் தவறான திசையில் சென்றதாகத் தெரிய வந்தது. ஓட்டியவரின் தவறு என்று சொல்வதோடு கேள்வி முடியாது. தவறான திசையில் செல்ல ஏற்பாடு ஏன் இடம் கொடுத்தது என்பதே இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

நமது மலையிலும் கேள்விகள் உண்டு. 2013-ம் வருஷம் அக்டோபர் மாதம் 23-ந் தேதி இரவு சுல்தான் அபுபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அன்று ஆற்றோரத்துச் ஜனங்கள் கேட்ட கேள்வியும், அரியலூரில் கேட்க வேண்டியிருந்த கேள்வியும் ஒன்றேயாகும். எச்சரிக்கை எப்போது தரப்பட்டது, யார் காதில் அது விழுந்தது?

தோட்டத் தொழிலாளிக்கும் இந்நாட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் உண்டு. 1994-ம் வருஷத்துத் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் விவசாயத்தையும் உட்கொண்டது. 2024 ஜூன் முதல் அதன் எல்லை இன்னும் விரிவாகியுள்ளது. அச்சட்டத்தின் அதிகாரி வேலையிடத்துக்குள் நுழையலாம், பார்வையிடலாம், விசாரிக்கலாம். பாதுகாப்பில்லை என்று புகார் செய்ததற்காக ஒரு தொழிலாளியை வேலையினின்று நீக்குவதையோ வேறு விதமாகத் தொல்லைப்படுத்துவதையோ அது தடுக்கிறது. கொழுந்து அரைக்கும் யந்திரத்தில் கை சிக்கினாலும், மருந்து தெளிப்பவர் மயங்கி விழுந்தாலும், லாரி பள்ளத்தில் உருண்டாலும், பொழுது சரியில்லை என்று விபூதி பூசிக்கொண்டு வீடு திரும்புவது நமக்கு வழக்கமாயிருக்கிறது. அவ்வழக்கம் நீங்க வேண்டும்.

சென்ற 180 வருஷத்து ரயில்வேச் சரித்திரம் நமக்குச் சொல்லுவது இதுவே. விசாரிக்க வருகிறவர் யாருடைய சம்பளக்காரர் என்று முதலில் கேளுங்கள். கண்டதைக் கண்டபடி அவரிடம் சொல்லுங்கள். சொல்லுகிற கடைசி மனிதருக்குத் துணையாக நான்கு பேர் நில்லுங்கள். அவர் எழுதிய அறிக்கையை எங்களுக்கும் காட்டுங்கள் என்று விடாது கேளுங்கள். மாண்டவரை இதனால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் நாளை அதே பாலத்தின் மேல், அதே யந்திரத்தின் முன்னால் நிற்கப் போகிறவர் நம் பிள்ளை என்பதை நினைவில் வைப்போமாக.